சிகிச்சைக்குச் சம்மதம் கேட்கும் மொழி குறித்த கோரிக்கை மனு

மலையகத்தின் அரசாங்க வைத்தியசாலைகளை நிர்வகிக்கும் சுகாதாரத் துறை அதிகாரிகளின் மேலான சமுகத்திற்கு,

பொருள்: தோட்டப்புற நோயாளரிடம், விசேஷமாகக் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்குட்படும் பெண்களிடம், அவர்களுக்கு விளங்கும் மொழியிற் சம்மதம் பெறுதல்



ஹட்டன், டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை ஆகிய பகுதிகளின் தோட்டங்களில் வாழும் தொழிலாளர் குடும்பங்களின் சங்கம் இம்மனுவைச் சமர்ப்பிக்கின்றது.

இவ்விஷயமாக நாம் முன்னர் அனுப்பிய கடிதங்களின் பிரதிகளை மறுபடியும் இணைத்திருக்கிறோம். முதற் கடிதத்திற்குப் பதில் கிடைக்கவில்லை. அதனை நினைவூட்டி எழுதியதற்கு, விஷயம் உரிய பகுதிக்கு அனுப்பப்பட்டிருப்பதாகச் சிங்களத்தில் ஒரு வரி வந்தது. அதன்பின் எழுதியவற்றுக்கு அந்த ஒரு வரியும் இல்லை. அதிகாரிகள் மாறும்போது பழைய காகிதங்கள் கோப்பின் அடியிற் போய்ச் சேர்வது வழக்கமென்பதை அறிவோமாதலால், அவற்றிற் சொன்னவற்றையே இங்கு சற்று விரிவாக மீண்டும் எடுத்துரைக்கத் துணிகிறோம்.

எமது முதற் கடிதம் ஒரு பெண்ணைப் பற்றியது. அவர் எம் உறுப்பினர் ஒருவரின் மனைவி, கொழுந்து பறிப்பவர், எட்டாம் வகுப்பு வரை படித்து, தமிழ்ப் பத்திரிகையைத் தடங்கலின்றி வாசிக்கக் கூடியவர். இரண்டாவது பிரசவத்திற்காக அரசாங்க வைத்தியசாலை ஒன்றிற் சேர்க்கப்பட்ட அவருக்குச் சீசர் செய்ய வேண்டுமென்று தீர்மானிக்கப்பட்ட இரவில், வலி ஏறி இறங்கிக்கொண்டிருந்த வேளையில், சிங்களத்தில் அச்சிட்ட படிவமொன்று கட்டிலில் நீட்டப்பட்டது. வைத்தியர் சொன்னது அவருக்கு விளங்கவில்லை. அவர் கேட்டது வைத்தியருக்கு விளங்கவில்லை. வாட்டைத் துடைத்துக்கொண்டிருந்த சிற்றூழியப் பெண் ஒருவர், தமக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில், "வயித்துக்கு ஒப்பரேசன், பிள்ளைக்கு நல்லது, கையெழுத்துப் போடுங்க" என்றார். அந்தப் பெண்ணும் போட்டார். தமக்கு ஓரெழுத்தும் வாசிக்கத் தெரியாத வாசகங்களின் கீழே, பாடசாலையிற் பழகிய வட்டமான தமிழெழுத்தில் அவருடைய பெயர் இருக்கின்றது. சீசரோடு கருக்குழாய்களும் கட்டப்பட்டன என்பதை, இரண்டு வருஷங்கள் கழிந்து, இன்னொரு குழந்தை வேண்டுமென்று கிளினிக்குக்குப் போனபோதுதான் அவர் அறிந்தார். அவருடைய கிளினிக் கொப்பியில் அது ஆரம்பத்திலிருந்தே எழுதப்பட்டிருந்ததாம். எந்த வைத்தியசாலை, எந்த வைத்தியர் என்பதை இங்கு நாம் எழுதவில்லை. தனியொருவரைத் தண்டிப்பது எமது நோக்கமன்று. மேலும், ஓரிரவில் முழு வாட்டையும் தனியே பார்க்க வேண்டியிருந்த அந்த இளம் வைத்தியர் தீய எண்ணத்துடன் நடந்தார் என்று நாம் கருதவுமில்லை. தாம் சம்மதம் பெற்றுவிட்டதாகவே அவர் மனப்பூர்வமாக நம்பியிருப்பார். எம்மை அச்சுறுத்துவது அந்த நம்பிக்கைதான்.

இது எங்கோ ஒரு முறை நிகழ்ந்த அபூர்வமான சம்பவமென்று ஒதுக்க இயலாது. பெண்களின் நிரந்தரக் கருத்தடை நகரத்தையும் கிராமத்தையும் விடப் பெருந்தோட்டத் துறையில் அதிகமாக இருந்துவந்திருப்பதை அரசாங்கத்தின் குடித்தொகை, சுகாதார அளவீடுகளே காட்டியிருக்கின்றன. 1980களில் கருத்தடை செய்துகொண்டோருக்குப் பணம் கொடுக்கப்பட்ட காலமும் இருந்தது. நாட்கூலியில் வாழ்ந்த ஒரு குடும்பத்திற்கு அந்தத் தொகை எவ்வளவு பெரிதாகத் தோன்றியிருக்குமென்பதைச் சொல்ல வேண்டியதில்லை. குடும்பக் கட்டுப்பாட்டை நாம் எதிர்ப்பவர்களல்லர். எத்தனையோ தாய்மார் மனமொப்பிச் செய்துகொண்டு நிம்மதியாக இருக்கின்றனர். அவர்களுடைய தீர்மானத்தை நாம் மதிக்கிறோம். ஆனால், தாமே தீர்மானித்தவர் எவர், தமக்காகப் பிறர் தீர்மானித்தவர் எவர் என்று பிரித்தறிய இன்று பதிவேடுகளில் வழியில்லை. ஏனெனில் இரு சாராருடைய படிவங்களிலும் கையெழுத்து ஒரேவிதமாகவே இருக்கின்றது.

வைத்தியத் தருமம் இவ்விஷயத்திற் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நாஜி வைத்தியர்களை விசாரித்த நியூரம்பர்க் நீதிமன்றம் 1947 இல், மனிதர்மீது நடத்தப்படும் பரிசோதனைக்கு அவரவருடைய தன்னிச்சையான சம்மதம் இன்றியமையாதது என்று விதித்தது. 1981 இல் லிஸ்பன் நகரிற் கூடிய உலக வைத்திய சங்கம், சிகிச்சையை ஏற்கவும் மறுக்கவும் நோயாளிக்குள்ள உரிமையைப் பிரகடனஞ் செய்தது. மலையகத்திலோ வைத்தியம் வந்த வழியே வேறு. 1872 இலும் பின்னர் 1912 இலும் இயற்றப்பட்ட வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டங்கள், தொழிலாளி நோயுற்றால் தோட்டத்துரை என்ன செய்ய வேண்டுமென்பதையே விதித்தன. துரை தீர்மானிப்பார், டிஸ்பென்சர் மருந்து கொடுப்பார், தொழிலாளி குடிப்பார் என்ற அந்தப் பழக்கம், துரைத்தனம் போய், 1972 இலும் 1975 இலும் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992 இல் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்ற பின்பும், வைத்தியசாலை வாட்டுகளில் நீங்காமல் இருந்துகொண்டிருக்கின்றது.

இனி, நாம் ஒவ்வொரு கடிதத்திலும் சுட்டிய, அதிகாரிகள் ஒருமுறையேனும் மறுமொழி கூறாத, சட்டப் பிரமாணத்திற்கு வருகிறோம். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை, 1988 ஆம் ஆண்டின் பதினாறாந் திருத்தத்தின் பின், சிங்களம் நிர்வாக மொழியாக இருக்கும் பிரதேசத்திலுங்கூட, எந்த ஓர் ஆளும் தம் பதவியின் பேரிற் செயற்படும் எந்த உத்தியோகத்தரோடும் தமிழிலோ ஆங்கிலத்திலோ தொடர்புகொள்ளவும் கருமமாற்றவும் உரித்துடையவர் என்று அதன் இரண்டாம் பந்தியில் விதிக்கின்றது. அவருக்கு வழங்கப்படும் ஆவணத்தையோ அதன் மொழிபெயர்ப்பையோ அம்மொழியிற் பெறவும் உரித்தளிக்கின்றது. அரசாங்க வைத்தியர் உத்தியோகத்தர் அல்லரா? ஒரு பெண்ணின் கர்ப்பப்பையைப் பற்றி அவரிடம் அனுமதி கேட்பது கருமம் அன்றா? காணி உறுதிக்கும் பிறப்பத்தாட்சிக்கும் பொருந்தும் விதி, உடலைக் கீறும் கத்திக்குப் பொருந்தாதென்று வாதிக்க எவரும் முன்வருவாரென நாம் நினைக்கவில்லை.

அன்றியும், அதே உறுப்புரையின் முதலாம் பந்தி தமிழ்பேசுவோர் கணிசமாக உள்ள பிரிவுகளை இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனஞ் செய்ய ஜனாதிபதிக்கு அதிகாரமளிக்க, அதன்படி 1999 இல் நுவரெலியா மாவட்டத்துப் பிரதேச செயலகப் பிரிவுகள் அவ்வாறு பிரகடனஞ் செய்யப்பட்டன. 2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டில் இம்மாவட்டத்தின் ஏறத்தாழ 7 இலட்சத்து 11 ஆயிரம் மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் மலையகத் தமிழர். 2007 ஆம் ஆண்டின் 07ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கையோ, அவ்வருஷம் யூலை முதலாந் திகதிக்குப் பின் சேவையிற் சேரும் அரச உத்தியோகத்தர் ஐந்து வருஷங்களுக்குள் மற்றைய அரசகரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டுமென்று விதித்தது. மொழியுரிமை மீறப்பட்டால் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்தை நாட வழியுண்டு. ஆனால் ஒரு மாதத்திற்குள் நாட வேண்டும். தமக்கு நேர்ந்ததை இரண்டு வருஷம் கழித்து அறிந்த பெண்ணுக்கு அந்த ஒரு மாதம் எங்கிருந்து தொடங்குகின்றது? ஆகையாற்றான் நீதிமன்றத்திற்கு முன் உங்கள் சமுகத்தை நாடுகிறோம்.

தமிழில் அச்சிட்ட படிவங்கள் உண்டென்று, இவ்விஷயமாக நேரிற் சென்ற எம்மவரிடம் சொல்லப்பட்டது. இருக்கட்டும், அவை களஞ்சிய அறையில் இருக்கின்றன, நோயாளி வாட்டில் இருக்கிறார். படிவம் தமிழிலிருந்தாலும், அதைக் குறித்து ஒரு கேள்வி கேட்கவும் பதில் பெறவும் ஆள் இல்லையென்றால் அது இன்னொரு காகிதமே. ஆளணிப் பற்றாக்குறை என்றும் சொல்லப்பட்டது. டிக்கோயா கிளங்கனில் இந்திய அரசின் நன்கொடையாற் கட்டப்பட்ட வைத்தியசாலையை 2017 மே மாதத்தில் இந்தியப் பிரதமர் திறந்துவைத்தபோது மகிழ்ந்தவர்கள் நாம். கட்டடமும் கருவியும் வேண்டாமென்று சொல்பவர்களல்லர். ஆயினும், நவீன வைத்திய நிர்வாகம் எதை முதலில் வைக்கின்றது, எதைக் கடைசியில் வைக்கின்றது என்று கேட்கும் பாத்தியதை எமக்குண்டு. கோடிக்கணக்கிற் செலவாகும் கருவிக்கு இடம் தேடும் திட்டத்தில், இரவு முறைக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் என்ற சிறு பதவிக்கு இடமில்லாமற் போவது பணப் பஞ்சத்தினால் அன்று. நோயாளியின் சொல்லைச் சிகிச்சையின் ஓர் அங்கமாகவே எண்ணாத மனப்பான்மையினால்.

அண்டை நாட்டின் தீர்ப்பொன்றையும் நினைவூட்டுகிறோம். 2014 நவம்பரில் இந்தியாவின் சத்தீஸ்கர் மாநிலத்துப் பிலாஸ்பூரில் நடந்த கருத்தடை முகாம்களில் 13 பெண்கள் மாண்டார்கள். தேவிகா பிஸ்வாஸ் என்பவர் இத்தகைய முகாம்களை எதிர்த்துத் தொடர்ந்த வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 2016 செப்டெம்பரில், அவற்றைக் கைவிடுமாறும், சத்திரசிகிச்சையின் விளைவுகளை அவரவர்க்கு விளங்கும் மொழியில் எடுத்துரைத்து, யோசித்து முடிவெடுக்க அவகாசமளிக்குமாறும் பணித்தது. சம்மதம் பெறும் முறை குறித்த எமது கோரிக்கை அதற்கு மேற்பட்டதன்று.

வைத்தியக் கல்வியைப் பற்றியும் ஒரு சொல். இம்மத்திய மாகாணத்திலேயே 1962 முதல் பேராதனையில் வைத்திய பீடம் நடைபெறுகின்றது. ஆங்கிலத்தில் உடற்கூற்றையும் நோயியலையும் கற்றுத் தேர்ந்து வரும் இளைஞர், நாடி பார்க்கும் திறமையைப் பரீட்சகர் முன் காட்டாமற் பட்டம் பெறுவதில்லை. சத்திரசிகிச்சைக்குச் சம்மதம் கேட்கும் திறமையையும் அவர் அவ்வாறே, தாய்மொழி வேறாகிய ஒரு நோயாளியின் முன், காட்டித் தேற வேண்டுமென்பது எமது அபிப்பிராயம். இதற்கு இலக்கணப் பாண்டித்தியம் வேண்டாம். என்ன செய்யப் போகிறோம், ஏன், செய்தபின் பிள்ளை பிறக்குமா பிறக்காதா, வேண்டாமென்றால் வேறு வழியென்ன என்ற நான்கையும் சொல்லி, அவர் திருப்பிச் சொல்வதை விளங்கிக்கொள்ளும் அளவு போதும்.

ஆகவே, முதன்மையாகச் சம்மதம் குறித்தும், அதனுடன் சுகாதார வசதிகளின் பிற குறைகள் குறித்தும் வேண்டிக்கொள்வதாவது:

1. கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கான சம்மதம், பிரசவ வலிக்கு முன்பாகவே, கர்ப்பகாலக் கிளினிக்கில், தமிழறிந்த ஒருவர் மூலம் விளக்கப்பட்டுப் பெறப்பட வேண்டும். விளக்கியவரின் பெயரும், விளக்கிய மொழியும் படிவத்திற் பதியப்பட வேண்டும். பிரசவ அறையில் முதன்முறையாகக் கேட்கப்படும் சம்மதம் செல்லாதென அறிவிக்கப்பட வேண்டும். முறைப்பாட்டுப் பெட்டியன்றி, முறைப்பாட்டைத் தமிழிற் கேட்டெழுதும் உத்தியோகத்தர் ஒருவர் ஒவ்வொரு வைத்தியசாலையிலும் குறிக்கப்பட வேண்டும். கடந்த காலத்தில் இவ்வாறு செய்யப்பட்ட பெண்களின் முறைப்பாடுகளை விசாரிக்கத் தோட்டப் பெண்களையும் உள்ளடக்கிய குழுவொன்று நியமிக்கப்பட வேண்டும்.

2. வைத்தியசாலைகளின் மருந்து உறைகளில் வேளையும் அளவும் தமிழிலும் எழுதப்படல் வேண்டும்.

3. தோட்ட டிஸ்பென்சரிகளில் தகுதி பெற்ற வைத்திய உத்தியோகத்தர் நியமிக்கப்படல் வேண்டும்.

4. நோயாளர் கொழுந்து லொறியில் ஏற்றிச் செல்லப்படுவதைத் தவிர்க்க, தோட்டப் பாதைகளுக்கு அம்புலன்ஸ் வசதி ஏற்படுத்தப்படல் வேண்டும்.

5. வெளிநோயாளர் பிரிவில் இருக்கைகளும் குடிநீரும் மேலதிகமாக அமைக்கப்படல் வேண்டும்.

இம்மனுவுக்கான பதிலை எழுத்து மூலமாக, முதலாவது கோரிக்கையின் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியே, 22ஆம் உறுப்புரையின்படி தமிழில் அனுப்பிவைக்குமாறும், பிரதிகளை அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு நாம் அனுப்பியிருப்பதைக் கவனத்திற்கொள்ளுமாறும் பணிவுடன் வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
சங்கத்தின் செயலாளர்,
ஹட்டன்.