வெயில் மீது பழி போடாதீர்கள்

"இந்த வெயிலுக்கு எஞ்சின் சூடாகாமல் என்ன செய்யும்?" மோட்டார் சைக்கிளின் வெப்பமானி ஏறியதும் பலரும் சொல்லும் பதில் இது. மாணவர்களே, நீங்களும் இதையே சொல்லிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது என்பது என் கருத்து. 16 வயதில் பி2 உரிமம் எடுக்கலாம்; நான்காம் படிவ இயற்பியலில் வெப்பத்தைப் படிக்கிறீர்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய வயது இது.

முதலில் ஒரு கணக்கு. பெட்ரோலின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் வண்டியை ஓட்டப் பயன்படுகிறது. மற்றதெல்லாம் வெப்பம். அதில் ஒரு பகுதி புகைக்குழாய் வழியே போகும். இன்னொரு பகுதியைக் கூலண்ட் எனப்படும் குளிர்விப்பு நீர் சுமந்து சென்று ரேடியேட்டர் வழியாகக் காற்றில் விட வேண்டும். எவ்வளவு வெப்பம் வெளியேறும் என்பது கூலண்டுக்கும் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. கூலண்ட் 95 பாகை செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம். விடியற்காலையில் காற்று 25 பாகை என்றால் வேறுபாடு 70. நண்பகலில் 35 பாகை என்றால் வேறுபாடு 60. ஆக, சுட்டெரிக்கும் வெயிலிலும் குறைவது ஏழில் ஒரு பங்குதான். நல்ல நிலையில் உள்ள எஞ்சின் இதைத் தாங்கும்.

அப்படியானால் முள் ஏன் ஏறுகிறது? பெரும்பாலும் காற்றோட்டம் நின்றுபோவதால். கூட்டரசு நெடுஞ்சாலையின் மோட்டார் சைக்கிள் தடத்தில் ஓடும்போது காற்று தானாகவே ரேடியேட்டரின் ஊடே பாய்கிறது. நெரிசலில் நின்றதும் அந்தக் காற்று இல்லை. எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. வெப்பமானி 100ஐ நெருங்கும், விசிறி சுழலும், முள் மெல்ல இறங்கும். இது கோளாறு அல்ல. 100 என்றதும் கூலண்ட் கொதித்துவிட்டதாகப் பயப்படவும் வேண்டாம். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பதால் அதன் கொதிநிலை 120 பாகை அளவுக்கு உயர்ந்திருக்கும்.

விசிறி சுழன்ற பிறகும் முள் ஏறிக்கொண்டே போகிறதா? அப்போது வெயிலைக் காரணம் காட்டுவது ஆபத்து. கூலண்ட் கசிந்திருக்கலாம்; ரேடியேட்டரில் சேறு அடைத்திருக்கலாம்; தெர்மோஸ்டாட் திறக்காமல் இருக்கலாம். ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். மூடியை மட்டும் திறக்காதீர்கள். அழுத்தம் குறைந்த அந்த நொடியே, 100 பாகையைத் தாண்டிய நீர் கொதித்துப் பீறிட்டு முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். சூடான எஞ்சின்மீது குளிர்ந்த நீரையும் ஊற்றாதீர்கள். திடீரெனச் சுருங்கும் உலோகம் விரிசல் விடக்கூடும்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். வெப்பமானி எஞ்சின் முழுவதையும் அளப்பதில்லை. உணரியைச் சூழ்ந்திருக்கும் கூலண்டைத்தான் அளக்கிறது. கூலண்ட் வற்றிவிட்டால் உணரி வெறும் காற்றில் நிற்கும். உள்ளே எஞ்சின் வெந்துகொண்டிருக்க, வெளியே முள் தாழ்வாகக் காட்டலாம். இஎக்ஸ்5 போன்ற, காற்றால் குளிரும் கப்சாய்களிலோ ரேடியேட்டரே கிடையாது. அங்கே சிலிண்டரைச் சுற்றியுள்ள உலோகத் தகடுகளும் எஞ்சின் எண்ணெயும்தான் காவல். தகடுகளில் சேறு படிந்தாலோ எண்ணெய் குறைந்தாலோ எச்சரிக்க எந்த முள்ளும் இல்லை.

எனவே, எந்த அளவுகோலைப் பார்த்தாலும் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: இது எதை அளக்கிறது? எதை அளக்கவில்லை? தேர்வுத்தாளில் இவற்றுக்கு மதிப்பெண் இல்லாமல் போகலாம்; சாலையில் உண்டு. நாளைக் காலை, எஞ்சின் ஆறியிருக்கும்போதே, வீட்டு மோட்டார் சைக்கிளின் கூலண்ட் தொட்டியைப் பாருங்கள். மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் இடையில் நீர் இருக்கிறதா? வெயிலைக் குறைக்க நம்மால் முடியாது. அதைச் சரிபார்க்க ஒரு நிமிடம் போதும்.