மரத்தில் காய்க்கும் தந்தம்

சட்டைக்குப் பித்தான் எவ்வளவு அவசியமோ, அவ்வளவுக்கு நாம் அதை நினைப்பதில்லை. அறுந்து விழுந்த அன்றுதான் வீட்டில் அதன் பெயர் அடிபடுகிறது. ஊசி எங்கே, நூல் எங்கே என்று ஓர் அமர்க்களம். தைத்து முடித்ததும் மறுபடியும் மறதி. இந்த வாரம் அந்த அற்ப வஸ்துவைச் சற்றுக் கையில் எடுத்துப் பார்ப்போம். சிப்பியிலும் எலும்பிலும் பித்தளையிலும் செய்த பித்தான்கள் ஒருபுறம் இருக்கட்டும். மரத்தில் காய்க்கும் கொட்டையைக் கடைந்து செய்யும் பித்தான் ஒன்று உண்டு. அதன் வரலாறு ஒரு காட்டின் வரலாறு. அந்தக் காட்டை நம்பிப் பிழைக்கும் ஜனங்களின் வரலாறும் ஆகும்.

தென் அமெரிக்காவின் வடமேற்குப் பகுதியில் ஈக்வடார், கொலம்பியா, பெரு முதலிய தேசங்களின் ஈரமான காடுகளில் ஒரு வகைப் பனை வளர்கிறது. அந்நாட்டார் அதைத் தாகுவா என்பார்கள். ஸ்பெயின் தேசத்துத் தாவர சாஸ்திரிகளான ரூயீஸ், பவோன் என்னும் இருவர் பெருவின் காடுகளை ஆராய்ந்து, 1798-ஆம் வருஷத்தில் இதற்கு 'பைட்டெலிபாஸ்' என்று நாமகரணம் செய்தார்கள். கிரேக்க மொழியில் 'பைட்டன்' என்றால் தாவரம்; 'எலிபாஸ்' என்றால் யானை, தந்தம் என்று இரு பொருளும் உண்டு. யானையே பிறவாத காட்டில் வளரும் மரத்துக்கு யானையின் பெயர் வாய்த்தது வேடிக்கைதான். ஆனால் அதன் கொட்டையை உடைத்துப் பார்த்தவர்கள் பெயர் பொருத்தமென்றே சொல்வார்கள். உள்ளேயிருக்கும் பருப்பு அவ்வளவு வெண்மை, அவ்வளவு கெட்டி, அவ்வளவு வழவழப்பு.

நமது பனைமரத்தை அறிந்தவர்களுக்கு இம்மரத்தைப் புரியவைப்பது சுலபம். பனையில் ஆண் பனை, பெண் பனை என்று இருப்பதுபோலவே இதிலும் உண்டு. காய்ப்பது பெண் மரமே. மனிதத் தலையைப்போல் பெரிய, மேலெல்லாம் முள்முள்ளான காய்த்திரள்கள் அதில் உண்டாகின்றன. ஒவ்வொரு திரளுக்குள்ளும் பல கொட்டைகள் அடைந்திருக்கும். ஒவ்வொன்றும் ஏறக்குறையக் கோழி முட்டை அளவு. இளங்காயில் இருப்பது வெறும் நீர். சில காலம் சென்றால் அது நுங்கைப்போல் குழைவாகிறது. அதை ஜனங்கள் தின்பதும் உண்டு. இன்னும் முற்றினால் கல்லாகிவிடுகிறது. நுங்காக இருந்தபோது விரலால் தோண்டக்கூடிய அதே பண்டம், முற்றிய பின் ரம்பத்துக்கும் எளிதில் பணிவதில்லை.

ஏன் இப்படி? விதைக்குள் இருப்பது பிள்ளைச் செடிக்குத் தாய்மரம் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு. நெல்லிலும் சோளத்திலும் அது மாவாக இருக்கிறது. தாகுவாவிலோ, மானோஸ் என்ற ஒரு வகைச் சர்க்கரை நீண்ட சங்கிலியாகக் கோத்து இறுகி, உயிரணுக்களின் சுவரிலேயே கெட்டியாகப் படிந்து நிற்கிறது. பேரீச்சங்கொட்டை பல்லுக்குப் பிடிகொடாமல் இருப்பதற்கும் காரணம் இதுவே. முளை கிளம்பும்போது அந்தச் சுவரைச் சிறிது சிறிதாகக் கரைத்து உண்டு வளர்கிறது. பனங்கொட்டை முளைக்கையில் உள்ளே தவுண் உண்டாவதைக் கண்டவர்களுக்கு இது விளங்கும். ஆக, யானைத் தந்தத்துக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமை கண்ணுக்கும் கைக்கும் மட்டுமே. அது சுண்ணாம்புச் சத்து மிகுந்த பல். இது இறுகிய சர்க்கரை. இரண்டையும் பிரித்தறிய ரஸாயனக்காரர்கள் ஒரு துளி கந்தகத் திராவகத்தை விட்டுப் பார்ப்பார்கள். சற்று நேரத்தில் தாவரத் தந்தம் இளஞ்சிவப்பாகும். யானைத் தந்தம் நிறம் மாறாது. தம் வீட்டுக் கோட்டுப் பித்தானில் வாசகர்கள் இந்தப் பரீட்சையைச் செய்து பார்க்க வேண்டாம். பித்தானோடு கோட்டும் போய்விடும்.

இனிக் கொட்டை பித்தானாகும் கிரமத்தைப் பார்ப்போம். மரத்தை வெட்ட வேண்டியதில்லை. கனிந்த திரள் தானே வெடித்துக் கொட்டைகள் கீழே உதிர்கின்றன, பொறுக்குவதே வேலை. பொறுக்கியவற்றை வாரக்கணக்காக, சில சமயம் மாதக்கணக்காக வெயிலில் காயவைக்கிறார்கள். ஈரம் இருந்தால் பின்னால் பித்தான் வெடித்துவிடும். காய்ந்த கொட்டைகளைச் சுழலும் பீப்பாயில் இட்டு உருட்டினால், ஒன்றோடொன்று மோதி மேலோடு உடைகிறது. பிறகு வட்ட ரம்பத்தில் வில்லை வில்லையாக அறுக்கிறார்கள். கொட்டையின் நடுவில் பெரும்பாலும் ஒரு சிறு பொள்ளல் இருக்கும். அதைத் தவிர்த்து இரு பக்கத்துக் கெட்டியை மட்டும் எடுக்கவேண்டியிருப்பதால் அறுப்பவனுக்குக் கை மட்டும் போதாது, கண்ணும் வேண்டும். அறுத்த வில்லைகளை மறுபடியும் உலர்த்திக் கடைசல் இயந்திரத்தில் வைத்து வட்டமாகக் கடைந்து, விளிம்பு கட்டி, துளையிடுகிறார்கள். பின்னர்ச் சாயம். யானைத் தந்தத்தைவிட இது சாயத்தை விரும்பி ஏற்கும். எனவே துணியின் நிறத்துக்கு இசைந்த பித்தானைச் செய்துகொள்ளலாம். கடைசியில் மெருகு. அறுக்கும்போதும் கடையும்போதும் உதிரும் தூள்கூட வீண் போவதில்லை, மாட்டுக்குத் தீவனமாகிறது. குறை ஒன்றும் உண்டு: நெடுநேரம் நீரில் ஊறினால் மெதுவாகிவிடும். ஆகையால்தான் தினந்தோறும் துவைக்கும் உடையைவிடக் கோட்டு முதலியவற்றில் இப்பித்தான் மிகுதியாக இடம் பெற்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இந்தக் கொட்டைக்கு ஒரு யோகம் அடித்தது. ஈக்வடாரின் மாந்தா முதலிய துறைமுகங்களிலிருந்து மூட்டை மூட்டையாக ஹாம்பர்க்குக்குக் கப்பலேறியது. ஜெர்மனியில் ஷ்மோல்ன் என்ற சிற்றூரில் 1867-ல் முதல் பித்தான் தொழிற்சாலை தோன்றி, பின்னர் அவ்வூருக்கே பித்தான் நகரம் என்று பெயர் வந்துவிட்டது. அமெரிக்காவில் நியூயார்க் ராஜ்யத்து ராச்செஸ்டர் நகரம் இத்தொழிலில் பெயர் பெற்றது. 1920-ஐ ஒட்டிய காலத்தில் ஐக்கிய அமெரிக்காவில் செய்யப்பட்ட பித்தான்களில் ஐந்தில் ஒரு பங்கு இந்தக் கொட்டையில் செய்தவை என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

இந்த யோகம் யாருக்கு அடித்தது என்பதையும் சிந்திக்கவேண்டும். கொட்டை விளைந்தது ஈக்வடாரில். ரம்பமும் கடைசலும் சாயமும் மெருகும் ஷ்மோல்னிலும் ராச்செஸ்டரிலும். சேற்றில் நடந்து, பாம்புக்குப் பயந்து, முதுகில் சுமந்து வந்தவனுக்குக் கிடைத்தது எடைக்குக் கூலி. அறுத்துக் கடைந்தவனுக்குக் கிடைத்தது தொழில். பொருள் பிறந்த இடத்தில் பணம் தங்குவதில்லை. வேலை நடக்கும் இடத்திலேயே தங்குகிறது. பஞ்சை ஏற்றுமதி செய்து துணியை விலைக்கு வாங்கிய தேசத்தாராகிய நமக்கு இந்தப் பாடத்தை யாரும் விளக்கவேண்டியதில்லை.

எடைக்குக் கூலியென்னும் அந்தச் சிறு வரும்படியும் நிலைக்கவில்லை. பாலின் சத்தைக் கெட்டியாக்கிச் செய்த பித்தான் முதலில் போட்டிக்கு வந்தது. இரண்டாம் உலக மகாயுத்தத்துக்குப் பின் பிளாஸ்டிக் வந்து களத்தையே அபகரித்துக்கொண்டது. அச்சில் வார்த்தால் ஒரே அளவில் ஆயிரமாயிரம் பித்தான். காயவைக்க வேண்டாம், பொள்ளலைத் தேட வேண்டாம். தாகுவா விலைபோகாமற் போயிற்று. இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய சங்கதி இருக்கிறது. கொட்டைக்கு விலை இருந்தவரையில் காட்டைக் காப்பது குடியானவனுக்கு லாபம். விலை போனதும், அதே காடு அவன் கண்ணுக்கு வெட்டிப் புல் விதைக்கவும் வாழை வைக்கவும் தகுந்த நிலமாகத் தோன்றியது. குழந்தைக்குச் சோறிட வேண்டியவனைப் பார்த்து, மரத்தை வெட்டாதே என்று உபதேசம் செய்வது எளிது. அந்த மரம் அவனுக்குச் சோறிடும்படி செய்வது கடினம்.

அந்தக் கடின காரியத்தைச் செய்து பார்க்கவும் சிலர் முன்வந்தார்கள். யானைகளைக் காக்கும்பொருட்டு, 1989-ல் கூடிய சர்வதேச மாநாடு தந்த வியாபாரத்துக்குத் தடை விதித்தது. அதையடுத்து 1990-ல், கன்ஸர்வேஷன் இண்டர்நேஷனல் என்னும் சங்கத்தார் ஈக்வடாரின் எஸ்மரால்டாஸ் மாகாணத்தில், கொட்டை பொறுக்கும் கிராமத்தாரையும் அமெரிக்க உடை வியாபாரிகளையும் இணைக்கும் ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். இன்று மாந்தாவில் கொட்டையை உள்ளூரிலேயே வில்லையாக அறுத்து, இத்தாலி முதலிய தேசங்களுக்கு அனுப்புகிறார்கள். முழுக் கொட்டையாகப் போன காலத்துக்கு இது ஒரு படி மேல். ஆயினும் கடைசி மெருகும் அதற்குரிய லாபமும் பெரும்பாலும் கடல் கடந்தே இருக்கின்றன.

கொட்டைக்கு விலை வந்துவிட்டால் காடு தானே பிழைத்துவிடும் என்றும் எண்ணிவிடக் கூடாது. உதிர்ந்த கொட்டை முழுவதையும் பொறுக்கிவிட்டால் நாளைக்கு முளைப்பது எது? அகூட்டி என்னும் சிறு பிராணி இக்கொட்டைகளைத் தூக்கிச் சென்று மண்ணில் புதைத்து வைக்கிறது. அது எடுக்க மறந்தவை முளைத்து மரமாகின்றன. முளைத்த கன்று காய்க்கப் பத்து வருஷத்துக்கு மேலாகும். அகூட்டிக்கும் ஒரு பங்கு, மண்ணுக்கும் ஒரு பங்கு விட்டு மீதியை எடுப்பவனே இத்தொழிலை நெடுநாள் நடத்துவான்.

அடுத்த முறை துணிக்கடையில் கோட்டின் துணியைத் தடவிப் பார்க்கும்போது, பித்தானையும் சற்று ஒளியில் திருப்பிப் பாருங்கள். ஒன்றுபோல் ஒன்று இராமல், மரத்தின் வைரம்போல் மெல்லிய ரேகைகள் வட்டவட்டமாக ஓடினால், அது கொட்டையில் பிறந்ததாக இருக்கலாம். அப்படியானால், அதை எவன் பொறுக்கினான், அவனுக்கு என்ன கிடைத்தது என்று ஒரு நிமிஷம் எண்ணிப் பார்ப்பது, கோட்டு வாங்குகிறவருக்கு நஷ்டமாகாது.