மலைவழிக்கு மணிக்கணக்கு

சென்ற திங்கள் நம் சங்கத்திற்கு வந்த கடிதங்களுள் ஒன்று ஸ்காட்லாந்திலிருந்து வந்திருந்தது. நம் அங்கத்தினர் ஒருவருடைய மகள் கணவருடன் அங்கே குடியேறி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. வரும் கோடையில் தாமும் கணவரும் இரு குழந்தைகளும், இங்கிருந்து செல்லவிருக்கும் மாமியாருமாக ஐவர் ஒரே காரில் ஏறி அந்நாட்டின் வடமலைப் பிரதேசத்தைச் சுற்றிவர எண்ணியிருக்கிறார்களாம். "பயணப் பகுதி எழுதி வருகிறீர்களே, நாளொன்றுக்கு எத்தனை மைல் வைத்துக்கொள்ளலாம்?" என்று கேட்டிருக்கிறார்.

நாம் ஸ்காட்லாந்தைக் கண்டதில்லை. ஆனால் ஸ்காட்லாந்துக்காரர் வந்து காடு திருத்திய மலை ஒன்றை நன்கு அறிவோம். 1897ஆம் ஆண்டில் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி தோன்றுவதற்குக் காரணமாயிருந்த பின்லே கம்பெனியார் கிளாஸ்கோ நகரத்தவர். அவர்கள் மூணாற்றிலும் பள்ளிவாசலிலும் தேயிலை நட்டபோது, மண்வெட்டி பிடித்தவர்களும் கொழுந்து எடுத்தவர்களும் பெரும்பாலும் நம் தமிழ்நாட்டுத் தென் மாவட்டங்களிலிருந்து மலையேறியவர்களே. நமது தாயாரும் அவ்வாறு ஏறிய குடும்பத்தில் பிறந்தவர். ஆகையால் அம்மணியின் வினாவிற்குப் பள்ளிவாசலை முன்வைத்தே விடை கூற முற்படுகிறோம். அதற்கு நாம் செய்த பிழை ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

ரயில்வே உத்தியோகத்தில் இருப்பவருக்குக் கால அட்டவணையே வேதம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் மே மாதத்தில் வாடகை வேன் ஒன்றை அமர்த்திக்கொண்டு, குழந்தைகளும் மைத்துனர் குடும்பமும் தாயாருமாக எர்ணாகுளத்திலிருந்து புறப்பட்டோம். நாம் கையால் எழுதிய அட்டவணை இன்றும் மேசையறையில் இருக்கிறது. காலை 5.30க்குப் புறப்பாடு, 7.15க்கு நேரியமங்கலம் பாலம்; 7.45க்குச் சீயப்பாறை அருவி, 9.45க்கு மூணாறு, 12க்கு டாப் ஸ்டேஷன், 4க்கு ஆனையிறங்கல் நீர்த்தேக்கம், மாலை 5.30க்குப் பள்ளிவாசல், இரவு 10.30க்கு வீடு. எர்ணாகுளத்திலிருந்து மூணாறு ஏறத்தாழ 130 கிலோமீட்டர். அங்கிருந்து டாப் ஸ்டேஷன் போக 32, வர 32. கூட்டிப் பார்த்தபோது எல்லாம் பொருந்தியே இருந்தது. மைலைக் கூட்டினோமேயன்றி மலையைக் கூட்டவில்லை.

பள்ளிவாசலோ மூணாற்றுக்கு முன்பே வந்துவிடுகிறது. அடிமாலியைக் கடந்து வளைந்து வளைந்து ஏறுகையில், மூணாற்றுக்குச் சுமார் எட்டுக் கிலோமீட்டர் இருக்கும்போது அதன் தேயிலைச் சரிவுகள் இருபுறமும் தோன்றுகின்றன. தாயார் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கே கொழுந்து எடுத்தவர். ஓய்வு பெற்றதும் லயத்து வீட்டைக் காலி செய்து கொடுக்க வேண்டும் என்பது தோட்டத்து விதி. கொடுத்துவிட்டு நம்முடன் வந்து சேர்ந்தார். இறங்கி வந்த பிறகு அவர் மலையேறியது அந்த மே மாதத்தில்தான். வேன் இரண்டாம் மைலை நெருங்கியபோது முன்புறம் குனிந்து, "இங்கே கொஞ்சம் நிறுத்தச் சொல்லுய்யா" என்றார். அட்டவணை ஏற்கெனவே நாற்பது நிமிடம் பின்தங்கியிருந்தது. "திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம் அம்மா, அப்போது அரைமணி நேரம் ஒதுக்கியிருக்கிறேன்" என்றோம்.

பிறகு நடந்ததை விரித்துரைக்கத் தேவையில்லை. மே மாதத்தில் மூணாறு சென்றவர் எவரும் ஊகிக்கக்கூடியதே. சீயப்பாறையில் ஒரு குழந்தையும், அடிமாலிக்கு மேல் மற்றொன்றும் வாந்தியெடுத்தன. மாட்டுப்பட்டிச் சாலையில் வண்டிகள் எறும்புச் சாரையாய் நின்றன. டாப் ஸ்டேஷனை அடைந்தபோது பள்ளத்தாக்கை முழுவதும் பனிமூட்டம் மூடியிருந்தது. எதிரே நின்ற மாங்காய் விற்பவரைத்தான் கண்டோம். ஆனையிறங்கலை விட்டுவிட்டுத் திரும்பியும், பள்ளிவாசலைத் தாண்டுகையில் இரவு எட்டு மணி. தூங்கிக்கொண்டிருந்த பேத்தியை மடியில் சாய்த்தபடி தாயார் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே வந்தார். "இதுதானேய்யா நம்ம இரண்டாம் மைல் வளைவு?" என்று மட்டும் கேட்டார். "ஆம்" என்றோம். வேன் நிற்கவில்லை.

அன்று முதல் நாம் மலைவழிக்கு மைல் கணக்குப் பார்ப்பதில்லை, மணிக்கணக்கே பார்க்கிறோம். சமவெளியில் மணிக்கு 50 கிலோமீட்டர் போகும் குடும்ப வண்டி, மலையில் 25 போனால் நலம். மழையும் பனியும் சேர்ந்தால் 15. குழந்தைகளும் முதியோரும் உள்ள வண்டி ஒன்றரை மணிக்கொரு முறை நிற்றல் வேண்டும். நாளொன்றுக்கு நான்கு அல்லது ஐந்து மணி நேரத்திற்கு மேல் சக்கரம் சுழலலாகாது. எஞ்சிய பொழுது, பார்ப்பதற்கும் உண்பதற்கும் ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கும் உரியது. மேலும், எந்த ஓரிடத்தைக் காணாமல் திரும்பினால் மனம் உறுத்துமோ அந்த இடத்தை முதல் நாள் முற்பகலில் வைத்துக்கொள்ள வேண்டும். திரும்பும்போது என்பது மலையில் பெரும்பாலும் இருட்டியபோது என்றே பொருள்படும்.

இவ்வழியின் இயல்பையும் சிறிது அறிந்திருத்தல் நன்று. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்திற்கு முன் ஆலுவாயிலிருந்து மூணாற்றுக்கு மாங்குளம் வழியாக வேறொரு பாதை இருந்தது. அவ்வெள்ளம் அதனை அழித்துவிடவே, நேரியமங்கலம், அடிமாலி, பள்ளிவாசல் வழியாக இப்போதைய பாதை அமைந்தது. பெரியாற்றின் குறுக்கே நேரியமங்கலத்தில் உள்ள வளைவுப் பாலம் 1935இல் திறக்கப்பெற்றது. பள்ளிவாசலில் முதிரப்புழை ஆற்று நீரைக் குழாய்களில் இறக்கி 1940இல் மின்சாரம் எடுக்கத் தொடங்கினர். இன்றைய கேரளத்திலுள்ள நீர்மின் நிலையங்களுள் அதுவே முதலாவது. மலைமேல் பிறந்த நம் தாயாரின் லயத்திற்கு விளக்கு வந்தது பல்லாண்டு கழித்துத்தான் என்பது வேறு செய்தி.

ரயில் அன்பர்களுக்கு இங்கே ஒரு சொல். மூணாற்றுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே 1902இல் எருதுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாளப் பாதை ஒன்று ஓடிற்று. 1908இல் அது குறுகிய இருப்புப் பாதையாகி நீராவி எஞ்சின் கண்டது. தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனிலிருந்து ரோப்வே மூலம் கொட்டகுடிக்கு இறங்கிப் போடிநாயக்கனூருக்குச் சென்றன. அந்தப் பாதையையும் 1924 வெள்ளமே கொண்டுபோயிற்று. டாப் ஸ்டேஷன் என்ற பெயர் மட்டும் நின்றுவிட்டது. அங்கே ரயிலைத் தேடிய நம் மகனுக்கு இதை விளக்குவதற்குள் வேன் மூணாறு வந்து சேர்ந்தது. இப்போது போடிக்கு ரயில் உண்டு. 2010 இறுதியில் நிறுத்தப்பட்ட மீட்டர் பாதை அகலப் பாதையாக மாறி, 2023 ஜூன் முதல் வண்டிகள் போடி வரை வருகின்றன. மதுரைப் பக்கத்து அன்பர்கள் போடி வரை ரயிலில் வந்து, அங்கிருந்து வண்டி அமர்த்திப் போடிமெட்டு, பூப்பாறை, கேப் ரோடு வழியாக மூணாறு ஏறலாம். சுமார் 70 கிலோமீட்டர்தான். ஆயினும் மூன்று மணி நேரம் வைத்துக்கொள்க. உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு, மறையூர் வழியாக ஏறுவோர் யானைக் காட்டினூடே வருவதால், பொழுது சாய்வதற்கு வெகுமுன்பே வனச் சோதனைச் சாவடிகளைக் கடந்துவிட வேண்டும். யானை நின்றால் ஒலிப்பானை அழுத்துவதும், இறங்கிப் படம் எடுப்பதும் அறவே கூடாது.

ஜூன் முதல் ஆகஸ்டு வரை இம்மலைகளுக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்வதை நாம் ஆதரிப்பதில்லை. கேப் ரோட்டில் மண் சரிந்த ஆண்டுகள் பல. 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவில் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியபோது 70 பேர் மாண்டனர்; பெரும்பாலும் நம் தமிழ்க் குடும்பங்கள். சில லயங்களில் அழுவதற்கும் உறவினர் எஞ்சவில்லை. மழை மிகும்போது மாவட்ட நிர்வாகம் இரவுப் பயணத்தைத் தடை செய்வதுண்டு. அத்தடையை ஒரு தொல்லையாக எண்ணிக் குறுக்குவழி தேடுவோர் பெட்டிமுடியை நினைவிற்கொள்வாராக.

காரோட்டியைப் பற்றியும் கூறிவிடுகிறோம். ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டுமோ அதே கியரில்தான் இறங்கவும் வேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிக் கருகிய வாடை வரும். அப்போது வண்டியை ஓரங்கட்டி ஆறவிடுதலே வழி. குறுகிய மலைப்பாதையில் இறங்குகிற வண்டி ஒதுங்கி நின்று ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது நம் நாட்டுச் சாலை விதி. பலர் இதனை வெறும் மரியாதை என்று எண்ணுகின்றனர். அன்று, அது சட்டமே. வாந்தி வரும் குழந்தையை முன்பக்கம் அமர்த்தித் தொலைவைப் பார்க்கச் சொல்ல வேண்டும். காலையில் பூரியும் கிழங்கும் வேண்டா, இரண்டு இட்டலி போதும்.

இனி ஸ்காட்லாந்து அம்மணிக்கு. இன்வர்னஸிலிருந்து புறப்பட்டு வட கடற்கரையைச் சுற்றி அங்கேயே வந்து சேரும் பாதை ஒன்றை 2015 முதல் விளம்பரப்படுத்தி வருகிறார்கள். அதன் நீளம் 500 மைலுக்குச் சற்று மேல். மூன்று நாளில் முடித்தோம் என்று பெருமை பேசுவோர் உளர். தாங்கள் ஒரு வாரத்திற்குக் குறைய எண்ண வேண்டா. அங்கே பல இடங்களில் ஒரே வண்டி போகும் அகலமே உண்டு. எதிர்ப்படும் வண்டிக்கு ஒதுங்குவதற்கென்று இடையிடையே இடம் விட்டிருக்கிறார்கள். அவ்விடம் நம் இடப்புறம் இருந்தால் அதில் ஒதுங்க வேண்டும். வலப்புறம் இருந்தால் அதற்கு நேரே நின்று எதிர் வண்டியை அதில் ஒதுங்கவிட வேண்டும். பின்னால் வரும் உள்ளூராருக்கும் அங்கே வழிவிடுதல் முறை. அங்கே வண்டியை நிறுத்திவிட்டுச் சோற்றுப் பொட்டலம் பிரிக்கலாகாது. பீலாக் நா பா என்னும் கணவாய் 626 மீட்டர் உயரத்திற்கு ஏறுகிறது. மாமியாருக்குத் தலைசுற்றல் உண்டெனில் அதற்குச் சுற்றுவழி இருக்கிறது. ஜூனில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்குமாதலால் இருட்டு வந்து உங்களைத் தடுக்காது. குழந்தைகளின் தூக்கமே தடுக்கும். வடமேற்கில் பெட்ரோல் நிலையங்கள் வெகுதூரத்திற்கு ஒன்றாகையால் பாதித் தொட்டி காலியானதுமே நிரப்பிக்கொள்க. அட்டவணை எழுதுமுன், தாங்கள் காண விரும்புவதைக் கேட்டுக்கொள்ளாமல், மாமியார் காண விரும்புவது எதுவென்று அவரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

சென்ற ஜனவரியில் நாம் தாயாரை மீண்டும் அழைத்துச் சென்றோம். இம்முறை வேன் இல்லை. சிறிய கார் ஒன்று, நால்வர் மட்டும். முன்னாள் மாலையே அடிமாலியில் தங்கிவிட்டு, மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பள்ளிவாசல் சேர்ந்தோம். அட்டவணையில் வேறொன்றும் எழுதவில்லை. முழங்கால் வலியால் ஏற்றத்தில் அவர் மிக மெதுவாக நடந்தார். லயத்தின் முன் நின்று இடப்புறத்திலிருந்து கதவுகளை விரலால் எண்ணி, நான்காவது கதவின் முன் நின்றார். அங்கே இப்போது வேறு குடும்பம். வெளியே வந்த பெண் யாரென்று விசாரித்தாள். தாயார் தம் தந்தையின் பெயரைச் சொன்னார். அவளுக்கு அப்பெயர் தெரியவில்லை. ஆயினும், "உள்ளே வாங்க பாட்டி" என்று கையைப் பற்றி அழைத்துப்போய்ப் பாலில்லாத் தேநீர் கொடுத்தாள். அடுப்பு மட்டும் இடம் மாறியிருப்பதாகத் தாயார் சொன்னார். பகல் ஒரு மணி வரை அங்கேயே பேசிக்கொண்டிருந்தார்கள். நாம் குழந்தைகளுடன் வாசற்படியில் அமர்ந்திருந்தோம். மூணாற்றுக்கு இன்னும் எட்டுக் கிலோமீட்டர்தான் என்று காரோட்டி இருமுறை நினைவூட்டினார். போகவில்லை.