நாட்டியம் போயிற்று, பிறகு?

பரீட்சையில் தவறிய பிள்ளைக்கு ஆறுதல் கூறப் புராணக் கதையைத் தேட வேண்டுவதில்லை. மலேசியாவின் ஈப்போ நகரில் 1962-ல் பிறந்த நடிகை மிஷெல் யோவின் சரித்திரமே போதும்.

நாட்டியம் பயில இங்கிலாந்து சென்றார். முதுகில் ஏற்பட்ட காயம் அவ்வாசையைக் குலைத்தது. ஹாங்காங்கில் ஒரு தொலைக்காட்சி விளம்பரத்தில் தோன்றி, அவ்வழியே சினிமாவில் புகுந்தார். சண்டைக் கலையை முறையாகக் கற்றவரல்லர். நாட்டியத்தில் பழகிய உடலே அங்கு கைகொடுத்தது. 2000-ல் வெளிவந்த படமொன்றில், தாம் அறியாத மாண்டரின் வசனங்களை ஒலியைக் கொண்டே நெட்டுருச் செய்து பேசினார். 2017-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியின் ‘ஸ்டார் டிரெக்’ தொடரில் விண்கப்பல் தலைவியானார். 2023-ல், அறுபது வயதில், சிறந்த நடிகைக்குரிய ஆஸ்கார் பரிசும் கிட்டியது.

கற்ற வித்தை வீண்போவதில்லை. வேறு வாசல் வழியே திரும்பி வருகிறது. மதிப்பெண் தாளைக் கண்டு கோபிக்கும் பெற்றோர் இதைச் சற்றே நினைப்பாராக!