மெத்தைக்குள் ஒளிந்திருந்த வில்லன்!

1881, ஜூலை 2. வாஷிங்டன் ரயில் நிலையம். ரயிலேற வந்த அமெரிக்க அதிபர் ஜேம்ஸ் கார்ஃபீல்டை ஒருவன் பின்னாலிருந்து இரண்டு முறை சுட்டான். ஒரு குண்டு கையை உரசிக்கொண்டு போனது. இன்னொன்று முதுகில் பாய்ந்து உள்ளேயே தங்கிவிட்டது.

குண்டு எங்கே இருக்கிறது? டாக்டர்களுக்குத் தெரியவில்லை. எக்ஸ்-ரே கண்டுபிடிக்கப்பட இன்னும் 14 ஆண்டுகள் இருந்தன. கழுவாத விரல்களைக் காயத்துக்குள் விட்டுத் துழாவினார்கள். சீழ் பிடித்தது, காய்ச்சல் ஏறியது.

அப்போது உதவிக்கு வந்தார் டெலிபோன் புகழ் அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல். கம்பிச் சுருள்களில் மின்சாரம் பாய்ச்சினால் காந்தப்புலம் உண்டாகும். அருகில் உலோகம் வந்தால் அந்தப் புலம் கலையும். அந்தக் கலைசலை டெலிபோன் ரிசீவரில் சத்தமாகக் கேட்கும்படி ஒரு கருவி செய்தார். உள்நாட்டுப் போரில் குண்டடி பட்டு, குண்டோடு வாழ்ந்துவந்த பழைய சிப்பாய்களிடம் சோதித்தும் பார்த்தார். கருவி வேலை செய்தது.

ஆனால் வெள்ளை மாளிகையில் கருவி குழம்பியது. ஒரு புள்ளியில் கேட்க வேண்டிய சத்தம் பரவலாகக் கேட்டது. அதிபர் படுத்திருந்த மெத்தைக்குள் இரும்புக் கம்பிகள் இருந்தது பெல்லுக்குப் பிறகுதான் தெரிந்தது. போதாக்குறைக்கு, குண்டு வலது பக்கம்தான் என்று நம்பிய தலைமை டாக்டர் அந்தப் பக்கத்தை மட்டுமே சோதிக்க விட்டார். செப்டம்பர் 19-ம் தேதி அதிபர் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் குண்டு கிடைத்தது இடது பக்கத்தில்!

ஏன் காந்தம்?

அன்று தோற்றுப்போன அந்த யோசனைதான் இன்று வேறு வடிவில் உயிர் காக்கிறது. உடம்புக்குள் போகும் குழாயின் நுனி எங்கே இருக்கிறது என்பதைக் காந்தத்தை வைத்தே கண்டுபிடிக்கிறார்கள்.

வெளிச்சம் உடம்பைத் தாண்டாது. அல்ட்ரா சவுண்டுக்குக் காற்றும் எலும்பும் தடை. எக்ஸ்-ரே காட்டும், ஆனால் நீண்ட நேரம் போட்டால் நோயாளிக்கும் கதிர்வீச்சு, கனமான ஈய அங்கி மாட்டிக்கொண்டு நிற்கும் டாக்டருக்கும் கதிர்வீச்சு. மெதுவாக மாறும் காந்தப்புலமோ சதை, ரத்தம், எலும்பு எல்லாவற்றையும் கிட்டத்தட்ட காற்றைக் கடப்பதுபோலவே கடந்துவிடும்.

திருவிழாத் திடலில் மூன்று மூலையில் மூன்று ஸ்பீக்கர்கள், மூன்று வெவ்வேறு பாட்டுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணைக் கட்டி நடுவில் விட்டாலும், எந்தப் பாட்டு பலமாகக் கேட்கிறது, எது மெலிதாகக் கேட்கிறது என்பதை வைத்து எங்கே நிற்கிறோம் என்று சொல்லிவிடலாம். இங்கே ஸ்பீக்கர்களுக்குப் பதில் நோயாளியின் படுக்கைக்குக் கீழே கம்பிச் சுருள்கள். காதுக்குப் பதில் குழாயின் நுனியில் ஒரு குட்டி சென்சார். கணக்குப் போடும் வேலை கம்ப்யூட்டருக்கு.

இதை இதயத்துக்குள் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர், இஸ்ரேலின் ஹைஃபா நகரத்து டெக்னியானில் பணியாற்றிய ஷ்லோமோ பென்-ஹைம். அவரது குழுவின் ஆய்வு 1997-ல் வெளியானது. அவர்கள் பயன்படுத்திய காந்தப்புலம், பூமியின் காந்தப்புலத்தை ஒட்டிய அளவு அல்லது அதைவிடக் குறைவு. ஆனாலும் இடத்தைக் காட்டியதில் பிழை ஒரு மில்லிமீட்டருக்குள்!

இதயத் துடிப்பு தாறுமாறாகும் நோயாளிகளுக்கு இது பெரிய வரம். தொடைப் பக்க ரத்தக்குழாய் வழியாகப் போகும் மெல்லிய குழாய், இதயத்தின் உள்சுவரை ஒவ்வொரு இடமாகத் தொடுகிறது. அந்த இடம் எது, அங்கே மின்துடிப்பு எந்த நொடியில் வருகிறது என்ற இரண்டும் சேர்ந்து திரையில் வண்ண வரைபடமாக விரிகிறது. கோளாறு செய்யும் இடத்தைப் பார்த்து, அங்கு மட்டும் சுட்டுச் சரிசெய்யலாம். எக்ஸ்-ரே போடும் நேரமும் குறைகிறது. பெருங்குடலுக்குள் கேமரா குழாய் எங்கே சுருண்டு வலி கொடுக்கிறது என்று பார்க்கவும், நுரையீரலின் ஓரத்தில் இருக்கும் சின்னக் கட்டியைத் தேடிப் போகவும் இதே வித்தைதான்.

மூக்கு வழிக் குழாய்

குடும்பங்களுக்கு அதிகம் பழக்கமானது இன்னொன்று. பக்கவாதம் வந்து விழுங்க முடியாத தாத்தா, ஐ.சி.யூ-வில் நினைவில்லாத அம்மா. இவர்களுக்கு மூக்கு வழியாக வயிற்றுக்கு டியூப் போட்டுக் கஞ்சியும் பாலும் கொடுப்பார்கள். தொண்டைக்குக் கீழே இரண்டு வழிகள்: உணவுக்குழாய், மூச்சுக்குழாய். டியூப் வழி மாறி நுரையீரலுக்குப் போய், அதில் உணவையும் ஊற்றிவிட்டால் உயிருக்கே ஆபத்து.

சிரிஞ்சில் காற்றை அடித்து, வயிற்றில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்பது பழைய வழக்கம். அதை நம்ப முடியாது. நுரையீரலில் இருந்தாலும் அதேபோன்ற சத்தம் கேட்கலாம். டியூப் வழியே உறிஞ்சிய திரவத்தில் அமிலம் இருக்கிறதா என்று பார்ப்பதும், எக்ஸ்-ரே எடுப்பதும்தான் சரியான வழி.

இங்கும் காந்தம் வந்தது. டியூபுக்குள் இருக்கும் கம்பியின் நுனி சிக்னல் கொடுக்கும். நெஞ்சின் மேல் வைத்த கருவி வாங்கும். டியூப் போகும் பாதை திரையில் கோடாக வரும். கோடு நேராகக் கீழிறங்கி, பிறகு வயிற்றுப் பக்கம் வளைந்தால் நல்லது. நெஞ்சுப் பகுதியிலேயே ஒதுங்கினால் உடனே வெளியே இழுக்கலாம்.

ஆனாலும் 2018 ஜனவரியில் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அமைப்பு மருத்துவர்களுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. இப்படிப்பட்ட கருவியைப் பயன்படுத்தியும் டியூப் நுரையீரலுக்குள் போனதாகவும், நோயாளிகள் பாதிக்கப்பட்டதாகவும் தகவல்கள் வந்திருந்தன. உயிரிழப்பும் உண்டு.

கருவி இருந்தும் எப்படித் தவறு நடக்கிறது? சென்சார் சொல்வது இடத்தை மட்டும்தான். 'இது உணவுக்குழாய், இது மூச்சுக்குழாய்' என்று அதற்குத் தெரியாது. இரண்டும் முன்னும் பின்னுமாக ஒட்டி இருப்பவை. கோட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியது மனிதர். அவருக்குப் பயிற்சி வேண்டும். சந்தேகம் வந்தால் நிறுத்தும் பொறுமையும் வேண்டும்.

பெல்லைக் குழப்பிய உலோகமும் இன்னும் தொல்லைதான். கையில் இருக்கும் செல்போனிலும் காந்த சென்சார் உண்டு. திசைகாட்டி ஆப்பைத் திறந்து, இரும்பு பீரோ பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள், முள் தடுமாறும். ஆபரேஷன் அறையிலும் அப்படித்தான். அருகில் பெரிய உலோகச் சாமான் இருந்தால் கணக்கு பிசகும். நோயாளிக்கு பேஸ்மேக்கர் இருந்தால், கேட்காவிட்டாலும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

குடும்பத்தார் செய்ய வேண்டியது

டியூப் போட்டதும், முதல் உணவு கொடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி: "டாக்டர், டியூப் வயிற்றில்தான் இருக்குன்னு எப்படி உறுதி பண்ணினீங்க?" இதைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம். நல்ல டாக்டர் பொறுமையாகப் பதில் சொல்வார்.

டியூபோடு வீட்டுக்கு அனுப்பினால், மூக்கருகே எத்தனை சென்டிமீட்டர் குறி இருக்கிறது என்று எழுதி வையுங்கள். ஒவ்வொரு முறை உணவு கொடுக்கும் முன்பும் அந்தக் குறியைப் பாருங்கள். நகர்ந்திருந்தால் கொடுக்காதீர்கள். கொடுக்கும்போது இருமலோ மூச்சுத்திணறலோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்கள்.

அன்று மெத்தைக்குள் என்ன இருக்கிறது என்று முதலிலேயே யாராவது பார்த்திருக்கலாம்; இடது பக்கத்தையும் சோதிக்க விட்டிருக்கலாம். கருவி எவ்வளவு நவீனமானாலும், 'சரிதானா?' என்று இன்னொரு முறை கேட்க ஒரு மனிதர் பக்கத்தில் இருக்க வேண்டும்.