ஊர்ப்பெயரைக் காப்போம்

கோவூர் கிழார், ஆலத்தூர் கிழார் முதலிய சங்கப் புலவர்களின் இயற்பெயர்களை நாம் அறியோம். ஊர்ப்பெயர்களாலேயே அவர்களை இன்றும் அறிகிறோம். ஆனால், தம் ஊரின் பெயரைச் சொல்லவே அஞ்சிய மக்கள், நாம் வாழும் மேற்கு வங்கத்திலேயே அண்மைக்காலம் வரை இருந்தனர்.

மாநிலத்தின் வடபகுதியில், கூச் பெகார் மாவட்டத்துத் தின்ஹாட்டாவை அடுத்து மஷால்டாங்கா என்னும் சிற்றூர் உள்ளது. 2015 வரை அவ்வூர் நிலம் வங்கதேசத்திற்கு உரியது. சுற்றியிருந்த நிலமோ இந்தியாவிற்கு உரியது. இவ்வாறு ஒரு நாட்டிற்குள் தீவுபோல் அமைந்த பிறநாட்டு நிலத்தை வங்காளியர் 'சிட்மகால்' என்பர்.

அங்கு வாழ்ந்தோர்க்கு வாக்குரிமை இல்லை. குடும்ப அட்டை இல்லை. இந்தியப் பள்ளியில் சேர்வதற்காக, பிள்ளைகள் பலர் பக்கத்து ஊரார் ஒருவரைத் தந்தையெனப் பதிவு செய்துகொண்டனர். கல்வி பெறுவதற்குப் பெற்ற தந்தையின் பெயரையே மறைக்க வேண்டியிருந்தது.

இந்நிலங்களைப் பரிமாறிக்கொள்ள 1974இல் இந்தியாவும் வங்கதேசமும் ஒப்பந்தம் செய்தன. எனினும், அது நிறைவேற 41 ஆண்டுகள் ஆயின. 2015 ஜூலை 31 நள்ளிரவில், வங்கதேசத்திற்குள் இருந்த 111 இந்தியப் பகுதிகள் அந்நாட்டுடனும், இந்தியாவிற்குள் இருந்த 51 பகுதிகள் நம் நாட்டுடனும் இணைந்தன. 2016 சட்டமன்றத் தேர்தலில் மஷால்டாங்கா மக்கள் முதன்முறையாக வாக்களித்தனர்.

"ஊர்களைப் பதிவு செய்வது அரசின் கடமை; நமக்கென்ன?" எனச் சிலர் வினவலாம். அரசுப் பதிவேடு நிலத்தின் பரப்பையும் மக்கள் தொகையையும் கூறும். பள்ளிக்காகத் தந்தை பெயரை மாற்றிய பிள்ளையின் மனத்துயரை அது கூறாது. அதனை அவ்வூராரே சொல்ல வேண்டும், எழுதவும் வேண்டும்.

மாணவர்களே, உங்கள் சொந்த ஊர் எது எனக் கேட்டால், "மதுரைப் பக்கம்", "திருநெல்வேலிப் பக்கம்" என்று விடை கூறுவோர் உங்களுள் பலர். அந்தப் 'பக்கத்தில்' இருக்கும் ஊருக்கு ஒரு பெயர் உண்டு. குளமும் கோயிலும் தெருக்களும் உண்டு. மஷால்டாங்கா மக்கள் அச்சத்தால் ஊர்ப்பெயரை மறைத்தனர். நமக்கோ எத்தடையும் இல்லை. இருந்தும் கேட்டறியாமல் மறந்து வருகிறோம். இது வருந்தத்தக்கது.

ஊரில் வாழும் தாத்தா பாட்டியிடம் இவ்வாரமே தொலைபேசியில் பேசுங்கள். ஊர்ப்பெயருக்குக் காரணம், குளத்தின் பெயர், உங்கள் குடும்பம் ஊரைவிட்டு வந்த ஆண்டு ஆகியவற்றைக் கேட்டுத் தமிழில் ஒரு பக்கம் எழுதுங்கள். சால்ட் லேக்கில் பிறந்த பிள்ளையும் தன் ஊரைப் பிழையின்றிச் சொல்ல அந்த ஒரு பக்கம் போதும்.