விவரணைத் தடமும் ஐந்தாம் ஃபேடரும்

தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2024 மார்ச் 15 அன்று வெளியிட்ட அணுகல் வழிகாட்டுதல், ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளில் சான்றிதழ் வாங்கும் படங்களுக்கு ஆறு மாதமும் மற்றப் படங்களுக்கு ஈராண்டும் அவகாசம் தந்தது. அந்த ஈராண்டின் எல்லை 2026 மார்ச் 15. ஒரே வீடு, நாலே நடிகர்கள் என்று எடுக்கும் பேய்ப்படமும் இனி கேப்ஷனும் ஆடியோ விவரணையும் இல்லாமல் சான்றிதழுக்குப் போகக் கூடாது என்பதே ஆணை. சிறு பட்ஜெட் படங்களுக்கு விலக்குக் கேட்க வேண்டும், நம் ஒலித்துறை இதழும் குரல் கொடுக்க வேண்டும் என்று நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள். கொடுக்க மாட்டோம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 42-ஆவது பிரிவில் இதைச் சொல்லியாயிற்று. ‘பதான்’ பட வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியிலேயே வழி காட்டியும் ஆயிற்று. திடீரென்று தலையில் விழுந்த சுமை என்று நம்மில் யாரும் சொல்ல முடியாது.

நமக்குள்ள கேள்வி வேறு. விவரணையை யார் செய்வது? ஃபைனல் மிக்ஸ் முடிந்த கையோடு ஓர் எம்பி4-ஐ வெளியாளுக்கு அனுப்பி, வசனம் இல்லாத இடங்களில் பேசி நிரப்பித் தரச் சொல்வது எளிய வழி. குடும்பப் படத்துக்கு அது ஓடிவிடும். பேய்ப்படத்தில் வசனம் இல்லாத இடம்தான் படம்.

‘பீட்சா’வை (2012) எடுத்துக்கொள்வோம். கார்த்திக் சுப்பராஜின் முதல் படம். குறைந்த செலவில் எடுத்த தமிழ்த் திகில் படங்களுக்கு இன்றும் அளவுகோல் அதுதான். பலம் எங்கே என்று நம் துறையினருக்குச் சொல்ல வேண்டியதில்லை. மின்சாரம் போன பங்களா, கையில் டார்ச், விஜய் சேதுபதியின் மூச்சு. டார்ச்சின் வட்டத்துக்கு வெளியே இருப்பதை எல்லாம் ஒலிதான் கட்டுகிறது. கிராஃபிக்ஸுக்குக் காசில்லாததை நல்ல இயக்குநர் குறையாக எண்ணுவதில்லை. அந்த இருட்டை நம்மிடம் தந்துவிடுகிறார். பலவீனமும் தெரிந்ததுதான். தொடக்கத்துக் காதல் பகுதி தேவைக்கு மேல் நீள்கிறது. முடிச்சு அவிழும்போது படம் வாயால் பேச ஆரம்பிக்கிறது. அதுவரை நம் முதுகுக்குப் பின்னால் இருந்த வீடு, திரைக்கு நடுவில் இருக்கும் ஒரு ஸ்பீக்கருக்குள் அடங்கிவிடுகிறது.

இந்தப் படத்துக்கு இன்று விவரணை எழுத உட்கார்ந்தால் என்ன ஆகும்? பங்களாவில் நடந்ததாக நாம் பார்ப்பதில் பெரும்பகுதி நாயகன் மைக்கேல் கட்டிய கதை. கண்ணால் பார்ப்பவனை கேமரா ஏமாற்றுகிறது. பார்வையற்ற ரசிகரை விவரணைக்காரர் அதே அளவுக்கு, அதே நேர்மையோடு ஏமாற்ற வேண்டும். குரலில் ஒரு சந்தேகம் ஒட்டினாலும் போச்சு. டார்ச் போகாத மூலையை விவரணையும் சொல்லக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த நான்கு விநாடியில் பேசலாம், எதில் பேசவே கூடாது என்பது படத்தின் ஆம்பியன்ஸை, அதாவது சூழல் ஒலியை, அடுக்கியவருக்குத்தான் தெரியும். எனவே விவரணை எழுதுபவர் மிக்சிங் நடக்கும்போதே தியேட்டருக்குள் வந்து நம் பக்கத்தில் உட்கார வேண்டும். தியேட்டருக்குப் போகும் டிசிபி கோப்பில் எட்டாவது சேனல் விஐ-என் என்னும் விவரணைத் தடத்துக்கென்றே இருக்கிறது. இத்தனை வருஷம் அதைக் காலியாகவே அனுப்பிக்கொண்டிருந்தோம்.

கேப்ஷனுக்கும் இதே கதிதான். வாசிக்க நேரம் வேண்டும் என்று பத்து ஃபிரேம் முன்னால் ‘கதவு படாரென்று சாத்தும் ஒலி’ என்று போட்டால், கேட்காதவருக்கு அந்த அதிர்ச்சி கிடைக்காமலே போகிறது. முகம் தெரியாத குரலுக்குப் பெயர் போட்டுக் கொலையாளியைக் காட்டிக்கொடுக்கும் கேப்ஷன்களையும் பார்க்கிறோம். ‘திகில் இசை’ என்று எழுதுவது சோம்பேறித்தனம். தாழ்ந்த முழக்கமா, கம்பி கீறலா, நெருங்குகிறதா, விலகுகிறதா? அதை எழுதுங்கள்.

இவை எல்லாம் நம் கையில் இருப்பவை. கையில் இல்லாத ஒன்று இருக்கிறது. இந்தப் பக்கத்தில் பல வருஷமாகச் சொல்லிவருகிறோம், மறுபடியும் சொல்கிறோம்: ஃபேடர், தியேட்டரின் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் அந்தத் திருகு.

ஃபேடரை ஏழில் வைத்து மிக்ஸ் செய்கிறோம். 85 டெசிபலுக்கு அறையைச் சரிபார்த்து, பூச்சியின் ரீங்காரத்தைக் காது கேட்கும் விளிம்பில் வைக்கிறோம். ஒரு மாவட்டத் தலைநகரத் தியேட்டரின் புரொஜெக்டர் அறையில், சவுண்ட் பிராசஸரின் நெற்றியில் ஒட்டியிருந்த காகிதம் இது: ‘5-க்கு மேல் வைக்காதே’. பச்சை மையில், அடிக்கோடு இட்டு. கீழே ஏசி எந்திரத்தின் இரைச்சல். அதற்கடியில் நம் ஆம்பியன்ஸ் முழுக்கப் புதைந்து கிடந்தது. இதற்குப் பயந்து ஆம்பியன்ஸை ஏற்றி, திடுக்கிடும் இடத்தை இன்னும் ஏற்றுகிறோம். ரசிகர் காதைப் பொத்துகிறார். தியேட்டர்காரர் நாலரைக்கு இறக்குகிறார். பெரிய ஹீரோ படம் முதல் ரீலிலிருந்தே முழங்குவதால் தப்பிக்கிறது. அமைதியை முதலீடாகப் போட்ட சின்னப் படம்தான் சாகிறது.

இப்போது அந்தத் தியேட்டரில் விவரணையை ஓடவிடுங்கள். ஹெட்ஃபோனில் வரும் குரலை ஃபேடர் தொடாது. அறையின் ஒலியை மட்டும் தொடும். நாம் கணக்குப் போட்டு வைத்த சமநிலை குலைந்து, செத்த அறைக்கு மேல் ஒரு குரல் மட்டும் வர்ணனை செய்துகொண்டிருக்கும். கைபேசிச் செயலிகளோ அறையின் ஒலியை மைக்கில் கேட்டுத்தான் படத்தோடு ஒத்துப்போகின்றன. ஏசியைத் தாண்டிக் கேட்காத ஒலியை அவை எதைக் கொண்டு பிடிக்கும்?

டிக்கெட் விலைக்கு அரசாணை உண்டு. 1955-ஆம் ஆண்டுத் திரையரங்கு ஒழுங்குமுறைச் சட்டப்படி உரிமம் உண்டு. வயரிங், வாசல், தீயணைப்புக் கருவி எல்லாவற்றுக்கும் ஆள் வந்து பார்க்கிறார்கள், பார்க்கவும் வேண்டும். படத்தில் ஒரு கெட்ட வார்த்தை இருந்தால் அதன் ஒலியை அணைக்கச் சொல்லித் தணிக்கை வாரியம் எழுதுகிறது. படம் முழுவதையும் ஒரு தியேட்டர் பாதி அணைத்து ஓட்டினால் கேட்க ஓர் அதிகாரி இல்லை. எழுதிக் கேட்டோம். எங்கள் வேலையல்ல என்றது ஓர் அலுவலகம். இன்னொன்று பதிலே போடவில்லை. கேப்ஷனையும் விவரணையையும் தயாரிப்பாளரிடம் கண்டிப்பாய்க் கேட்கும் அரசு, அவை போய்ச் சேரும் அறையின் ஒலியளவைப் பற்றி வாய் திறக்காதது என்ன நியாயம்? விதியின் கூர்முனை எப்போதும் எடுத்தவன் பக்கமே திரும்பியிருக்கிறது.

இந்தக் காலாண்டில் பேய்ப்படம் மிக்ஸ் செய்யும் உறுப்பினர்கள், டெலிவரி தாளில் மூன்றை எழுதுங்கள்: மிக்ஸ் செய்த ஃபேடர் அளவு, விஐ-என் தடத்தை எந்த ஃபேடரில் கேட்டுச் சரிபார்த்தீர்கள், படம் வெளியான வாரத்தில் நேரில் போய்ப் பார்த்த தியேட்டர்களில் ஃபேடர் எதில் நின்றது. நகலை நமக்கு அனுப்புங்கள். அடுத்த முறை உரிம அதிகாரியின் மேசையில் வைக்கக் கையில் காகிதம் வேண்டும்.